பெற்றோர் கையொப்பம்

என் டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே இருபத்தெட்டு நடக்கிறது. ஆளுக்கு ஏழெட்டு நிமிஷம், நடுவில் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் அதை எழுப்ப ஒரு பத்து நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என் முறை வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது, வராமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை. தாலுகா ஆபீஸ் இ-சேவை மையத்தில் மூன்று வரிசை இரும்பு நாற்காலி போட்டிருக்கிறார்கள், வரிசைக்கு ஒரு நாற்காலிக்கு முதுகு இல்லை, அந்த முதுகில்லாத நாற்காலிதான் எனக்கு வாய்த்தது. மடியில் ஃபைல். ஃபைலுக்குள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, எட்டாம் வகுப்போடு நின்ற என் வீட்டுக்காரருடைய டி.சி., பத்தாம் வகுப்பு முடித்த என்னுடைய டி.சி., மாமனாரும் மாமியாரும் பள்ளிக்கூடமே போகவில்லை என்பதற்கு ஒரு தாள். படிக்காததற்குக்கூட முத்திரை வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு விண்ணப்பம், ஒன்று என் மகள் தாரணி பேருக்கு, ஒன்று என் மகன் பரணி பேருக்கு, இரண்டையும் தாரணிதான் உட்கார்ந்து நிரப்பினாள். இதில் ஒன்றைத்தான் உள்ளே கொடுக்க முடியும். ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு, வருஷம் இருபத்தையாயிரம், நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். முதல் ஆள் என்றால் ஒருவர்தானே இருக்க முடியும், சட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டைப் பெற்றது என் குற்றம்.

இருபத்தொன்பது என்று கூப்பிடுகிறாள் கவுண்டரில் இருக்கிற பெண். குரலில் அலுப்பு இல்லை, நல்ல பெண். தாரணி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாள், என் டி.சி.யின் பின்பக்கத்தை எடுக்காமல் விட்டுவிட்டாளாம். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, ஒரு எண்ணெய்க்கறைதான் இருக்கிறது. எதையும் பாதியில் விடமாட்டாள், எதற்கும் முதலில் கை நீட்டவும் மாட்டாள். பிறந்தபோது மட்டும்தான் முந்திக்கொண்டாள், ஏழு நிமிஷம். ஆனால் அவர் பக்கத்து ஆட்கள், இரட்டையில் இரண்டாவதாக வெளியே வருவதுதான் மூத்தது, உள்ளே முதலில் போய் உட்கார்ந்தது கடைசியில்தானே வரும் என்பார்கள். அதனால் இவள் அக்காவா அவன் அண்ணனா என்பது பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் முடியாத வழக்கு. காது குத்தும்போது யாருக்கு முதலில் என்று ஒரு மணி நேரம் ஆசாரியைக் காக்க வைத்தோம். அப்போதெல்லாம் அது சிரிப்பாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் இரண்டு விண்ணப்பத்தையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, அக்காவுக்கே போடுங்க, அவ காலேஜ்லதான் ஃபீஸ் ஜாஸ்தி என்று அவன் சொன்னான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளை அக்கா என்றான். அவள் உடனே, இல்லை, அவன்தான் அண்ணன், அவனுக்கே போடுங்க என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சண்டை போட்டிருந்தால் ஒரு அடி கொடுத்து முடித்திருக்கலாம். அவர் கட்டிலில் உட்கார்ந்து லோடு வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, என்னட்ட ஏன் கேக்கீங்க, உங்க அம்மதான் வீட்லயே படிச்சவ, அவ முடிவு பண்ணட்டும் என்று சொன்னார். கேலிக்குத்தான் சொன்னார், எப்போதும் சொல்கிற கேலிதான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

படிச்சவ. இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, குடும்ப உறுப்பினர்களின் கல்வித் தகுதி. தாத்தா, பாட்டி, தந்தை, தாய், உடன்பிறந்தோர். தாய் என்ற வரிக்கு எதிரே தாரணி தன் முத்து முத்தான எழுத்தில் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கீழே ஒரு உறுதிமொழி, எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி எவரும் இல்லை, இது தவறு என்று தெரியவந்தால் சட்டப்படியான நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன், பெற்றோர் கையொப்பம். காலையிலிருந்து அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஏனென்றால் நான் ஒரு பி.ஏ. வரலாறு, திறந்தவெளிப் பல்கலைக்கழகம், இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி. இந்த உலகத்தில் இது தெரிந்தவர்கள் நானும் யூனியன் ஆபீஸில் இரண்டு கிளார்க்கும்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சலுகை கிடையாது, சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு லட்சம் கிடைக்கும். ராத்திரி பூராவும் இதையேதான் மெல்லுகிறேன், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. முப்பது. ஒரு பெரியவர் எழுந்து போகிறார், அவர் கையிலும் என்னுடையதைப் போலவே நீல ஃபைல்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும். படிக்கச் சேரும்போது சொல்லித்தான் சேர்ந்தேன். பத்தாவது முடித்துச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் என்னை சத்துணவு டீச்சர் என்று கூப்பிடும், நிஜ டீச்சர்கள் சிரிப்பார்கள். பன்னிரண்டாவது படிக்காதவர்களும் நேரே பி.ஏ. படிக்கலாம் என்று செய்தித்தாளில் வந்ததைக் காட்டினேன், படியேன், உனக்கென்ன கொள்ளை என்றார், முதல் தவணைப் பணத்தை அவர்தான் கட்டினார். முதல் வருஷப் பரீட்சைக்குப் பாளையங்கோட்டைக்குக் கூடவே வந்தார். நான் உள்ளே எழுதினேன், அவர் கல்லூரி வாசல் மரத்தடியில் மூன்று மணி நேரம் புளிச்சாதத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பார்த்தால், என் வகுப்பு ஆள் ஒருவர், ரிட்டயர்டு ரயில்வேக்காரர், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்க எந்தப் பேப்பர், கேள்வி எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவர், நான் பரீட்சை எழுத வரல, சும்மா வந்தேன் என்கிறார். அப்போ நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்றார் ரயில்வேக்காரர். அவ்வளவுதான் நடந்தது. கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார், தூக்குவாளி அவர் காலடியில் உருண்டுகொண்டே வந்தது, எடுத்து வைக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் நானாகவே, படிப்பெல்லாம் எனக்குச் சரிப்படாது, விட்டுட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்பார் என்று நினைத்துத்தான் சொன்னேனோ என்னவோ.

விடவில்லை. புத்தகங்களைச் சத்துணவு மையத்தில் பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு சமையலக்கா பாத்திரம் கழுவுகிற நேரத்தில் படிப்பேன், அசோகரும் அக்பரும் துவரம்பருப்பு வாசனையோடுதான் என் தலைக்குள் போனார்கள். பரீட்சைகள் சனி, ஞாயிறில் வரும். யூனியன் ஆபீஸில் மீட்டிங் என்பேன், ஆடிட் என்பேன். கடைசி வருஷக் கடைசிப் பேப்பர் ஐரோப்பிய வரலாறு, எனக்கு ஏழாம் மாசம், வயிற்றில் இரண்டு. பெரியாஸ்பத்திரிக்கு செக்கப் என்று சொல்லிவிட்டுப் போனேன். டெஸ்க்குக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வயிறு நுழையவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்து வலது கையை மட்டும் டெஸ்க்கில் வைத்து எழுதினேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, அம்மா, முடியலைன்னா அடுத்த தடவை எழுதலாமே என்றார். அடுத்த தடவை எனக்குக் கிடையாது சார் என்றேன். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று இடப்பக்கம் உதைத்தது, கொஞ்ச நேரத்தில் மற்றது வலப்பக்கம் உதைத்தது, கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. ஏதோ ஒரு விடையில் பேனா இழுத்துக்கொண்டு போய்விட்டது, அதைத் திருத்தவில்லை. வெளியே வந்தால் மரத்தடியில் யாரும் இல்லை. இல்லாமல் இருப்பது நான் செய்த வேலைதான், ஆனாலும் பார்த்தேன். அங்கேயே நின்று அழுதேன். முப்பத்துமூன்று என்கிறாள் பெண், இரண்டு நம்பர் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

ரிசல்ட் வந்தபோது பிள்ளைகளுக்கு மூன்று மாசம். யாரிடம் சொல்ல. இரண்டுக்கும் பால் கொடுத்து இரண்டையும் தூங்க வைத்து, அதுகளின் காதில்தான் சொன்னேன். பிறகு ஒருநாள் சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போடும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட பொய்க்கு வயது ஏற ஏற எடை கூடுகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டம் உள்ள அமைப்பாளர்களுக்கு ஆபீஸ் வேலை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். வேலை கிடைத்தால் ஆர்டரையும் பட்டத்தையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடலாம், சந்தோஷத்தில் எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ணி விண்ணப்பித்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெறாமல் பெற்ற பட்டம் என்பதால் ஏற்க இயலாது. கிளார்க், உங்க பி.ஏ. செல்லாதும்மா என்று வாயாலும் ஒரு தடவை சொன்னார், எனக்குப் புரியாமல் போய்விடக்கூடாதே என்று. இனி அவரிடம் என்னவென்று சொல்வேன். உங்களுக்குத் தெரியாமல் நான் படித்தேன், படித்தது செல்லாக்காசு என்றா. பட்டத்தை மையத்து இரும்பு அலமாரியில் பழைய அரிசி இருப்புப் பதிவேட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூட்டை வருகிறவரை காத்திருக்கும்போது, முட்டை எண்ணி முடித்தபிறகு, கையில் பேனா இருந்தால் பழைய பதிவேட்டின் பின்பக்கத் தாளில் ரா. ஆவுடைத்தங்கம், பி.ஏ., என்று எழுதிப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி, வாசல் போர்டில் எழுதுகிற மாதிரி, அந்தக் கடைசிக் காற்புள்ளியோடு. எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். ஒரு தடவை சமையலக்கா பார்த்துவிட்டு, யார் பேரு டீச்சர் இது, நீளமா இருக்கு என்றாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது.

இப்போது அதுவே எனக்கு வசதியாகத்தானே இருக்க வேண்டும். அந்த ஆபீஸில் செல்லாதது இந்த ஆபீஸில் மட்டும் எப்படிச் செல்லும். வேலை கேட்டபோது நீ பட்டதாரி இல்லை என்றார்கள், சரி, இல்லை, அப்படியானால் என் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை, கையெழுத்தைப் போட வேண்டியதுதான். இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகிறது, இரண்டு நிமிஷம்கூட நிற்பதில்லை, மறுபடியும் கனக்கிறது. பணிப்பதிவேட்டில் அந்த விண்ணப்பமும் பதிலும் கோத்து வைத்திருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து, படிப்பெல்லாம் முடிந்து பிள்ளை வேலைக்குப் போகிற நேரத்தில், யாராவது ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்து, உங்க அம்மா பொய் சொல்லியிருக்காங்க, பணத்தைக் கட்டு, சான்றிதழைக் கொடு என்றால். அப்படியெல்லாம் புரட்ட யாருக்கு நேரம் இருக்கிறது. இருக்கிறவனும் இருப்பான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், பேங்க் மேனேஜர் போன வாரம் சொன்னது குறுக்கே நிற்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் கல்விக்கடன் தரலாம், ஆனால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்போம், நீங்கள் கேட்கிற தொகைக்கு வீட்டுப் பத்திரம் வைக்க வேண்டிவரும், சலுகை ஒருவருக்குக் கிடைத்து அந்த ஒரு லட்சம் குறைந்தால் பத்திரம் இல்லாமலே முடித்துவிடலாம் என்றார். வீடு அவர் பேரில் இருக்கிறது. எட்டு வருஷம் வெளியூர் லோடு ஓட்டி, முதுகு போய், கட்டிய வீடு. பத்திரம் வந்த அன்றைக்குத் தன் பேரை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். என் செல்லாத பி.ஏ.வுக்காக அந்தப் பத்திரத்தை எடுத்துக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன். இப்போதும் வெளியே காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸ் என்றால் உள்ளே வரமாட்டார். போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன் என்பார். இருபது வருஷமாக எல்லா ஆபீஸுக்கும் அப்படித்தான்.

தாரணி வந்துவிட்டாள், வேர்த்து வழிய, பின்பக்க ஜெராக்ஸோடு. முப்பத்தெட்டு நடக்கிறது. என் பக்கத்தில் நின்றுகொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைக்கிறாள். போன் அவளிடம் இருக்கிறது, ஓ.டி.பி. வரும் என்பதற்காகத்தான் அவளைக் கூட்டிவந்தேன், பரணி காலையிலேயே கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய்விட்டான். யார் பேருக்கு என்று முடிவு பண்ணிட்டியாம்மா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிகிறது. அவள் கழுத்துக்கு அடியில் ஒரு நரம்பு துடிப்பதைப் பார்க்கிறேன். பதினோராம் வகுப்பிலிருந்து சுவரில் படம் ஒட்டி வைத்திருந்த கல்லூரிதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அவன் தனக்குக் கிடைத்ததில் சேர்கிறவன், அவள் கேட்டதில் சேர்கிறவள். அவளுக்குத்தான் போட வேண்டும் என்று அந்த நரம்பைப் பார்த்ததும் முடிவு செய்தேன். பொய்தான் சொல்லப்போகிறேன் என்றால் அதை அவளுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாற்பது. எழுந்து நிற்கிறோம். கால் மரத்துப்போயிருக்கிறது.

நாற்பத்தொன்று என்றதும் கவுண்டருக்குப் போகிறோம். ஃபைலைத் தள்ளுகிறேன். யார் பேரும்மா என்று கேட்கிறாள் பெண், திரையைப் பார்த்தபடியே. நான் வாயைத் திறப்பதற்குள் தாரணி சொல்லிவிட்டாள்.

"பரணிதரன். தம்பி பேருக்குப் போடுங்க."

நான் அவளைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் விண்ணப்பத்தை உருவி நாலாக மடித்துக்கொண்டிருக்கிறாள். ஏட்டி, என்ன பண்ணுத என்கிறேன். என் காதோரம் குனிந்து, கவுண்டர்க்காரிக்குக் கேட்காமல் சொல்கிறாள்.

"அவன் பையன்மா. எனக்குக் கிடைச்சு அவனுக்கு இல்லைன்னா மூஞ்சி விழுந்திரும். எனக்கு ஒண்ணுமில்ல. அவன்கிட்ட நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்னு சொல்லிக்கிடுதேன்."

எங்கேயோ ஒரு தூக்குவாளி உருள்கிற சத்தம் கேட்கிறது. நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, வாயைத் திறக்கவே இல்லை, இது இவளுக்கு எங்கிருந்து வந்தது. பாலில் போயிருக்குமா. அந்தப் பரீட்சை ஹாலிலேயே ஒட்டிக்கொண்டதா. கவுண்டர்க்காரப் பெண் பரணியின் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்துகொண்டே வாய்க்குள் வாசிக்கிறாள், தந்தை எட்டாம் வகுப்பு, தாய் பத்தாம் வகுப்பு, சரிதானேம்மா, உறுதிமொழியில கையெழுத்து இல்ல, போட்டுக் குடுங்க, ஸ்கேன் பண்ணணும் என்று பேனாவையும் தாளையும் என் பக்கம் நீட்டுகிறாள். வாங்குகிறேன். ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதுகிறேன். எழுதி முடித்து அவளிடம் கொடுக்கிறேன். அவள் ஸ்கேனர் மூடியைத் திறந்து, தாளைக் கவிழ்க்கப் போனவள் நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். தாளை ஜன்னல் வழியாகத் திருப்பி வைத்து, ஒரு இடத்தில் விரல் வைக்கிறாள். ரா. ஆவுடைத்தங்கம், பி.ஏ., என்று இருக்கிறது. அந்தக் கடைசிக் காற்புள்ளியோடு. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்ற வரிக்கு நேர் கீழே. கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று சொல்லலாம். கை மட்டும்தான் எழுதியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

தாரணி படிக்கிறாள். ஒரு தடவை படித்தால் போதும் அவளுக்கு, ஆனால் மூன்று தடவை படிக்கிறாள். எப்பம்மா என்கிறாள். நீங்க ரெண்டு பேரும் வயித்துல இருக்கும்போது என்கிறேன். பின்னால் நாற்பத்திரண்டு செருமுகிறார். கவுண்டர்க்காரப் பெண் நல்ல பெண் என்று முன்பே சொன்னேன், அவள் குரலைத் தாழ்த்துகிறாள். ப்ளஸ் டூ படிக்காம ஓபன்ல முடிச்சதாம்மா, அது செல்லாதுன்னு சொல்வாங்களே, வேற ஃபாரம் தாரேன், பத்தாப்புன்னே இருக்கட்டும், வெறும் கையெழுத்து மட்டும் போடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க என்கிறாள். புதுத் தாள் ஒன்று ஜன்னல் வழியாக வருகிறது. ஒரு லட்சம். வீட்டுப் பத்திரம். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தபோது உண்மையிலேயே பயந்தேன், எடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"செல்லாதுன்னு அவங்க சொல்லலாம்மா. நான் சொல்லக்கூடாது."

சொன்னது நான்தான். இருபது வருஷத்தில் அந்தப் படிப்புக்காக நான் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அது. கேன்சல் பண்ணிரவா என்று கேட்டாள். பண்ணிருங்க என்றேன். கையெழுத்துப் போட்ட தாளைத் தாரணி எடுத்துக்கொண்டாள், மடிக்கவில்லை, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள். தன் மடித்த விண்ணப்பத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பரணி என்ன சொல்லுவான் என்றாள். என்னத்தச் சொல்லுவான், ரெண்டு பேருக்கும் இல்லன்னா சண்டையில்ல என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாகிவிட்டது.

வேப்பமரத்தடியில் வேன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வேட்டியை உதறினார். தாரணியின் கண்ணைப் பார்த்துவிட்டு, என்ன, யார் பேருக்குப் போட்ட என்று என்னிடம் கேட்டார்.

"என் பேருக்கு" என்றேன்.

தாரணி தாளை நீட்டினாள். அவர் வாங்கி, தூரத்தில் வைத்து, பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி எழுத்துக் கூட்டினார். என் பேருக்கு அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்தில் விரல் நின்றுவிட்டது. எப்போது முடித்தேன், எப்படி முடித்தேன், அந்த செக்கப் எது, சலுகை ஏன் இல்லை, பத்திரம் ஏன் வேண்டும், எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. அவர் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். மூன்று பேரும் முன் சீட்டில். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டினார், எனக்குப் பாளையங்கோட்டை பஸ்தான் மறுபடியும் வந்தது. இந்தத் தடவையும் வீடு வரைக்கும் இப்படியேதான், அதற்குப் பிறகும் இப்படியேதான் என்று நினைத்தேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. என்ஜினை நிறுத்தினார். கூட்ஸ் வண்டி, முடிவில்லாமல் போனது. அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"சொல்லியிருந்தா அன்னைக்கும் வந்து வெளிய உக்காந்திருப்பேன்லா."

நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் ஏன் பேசாமல் வந்தீங்க என்று கேட்க நினைத்தேன், இருபது வருஷமாக அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசிப் பெட்டி போயிற்று, கேட்டைத் தூக்கினார்கள். அவர் சாவியைத் திருப்பினார். பேங்க் எத்தனை மணி வரைக்கும், பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டார். மேல் தட்டில், உங்க வேட்டிக்கு அடியில் என்றேன்.